வறண்ட நாளில் பாறை மலை நடை: முகடா, ஓடையா, அடிவாரமா?

பல வாரமாக மழையில்லாத நேரத்தில் பாறைக்காட்டுக்குள் ஒரு நாள் நடை போவதில் முதல் பாதி சுலபம். பாறை காய்ந்திருக்கும், கால் வழுக்காது, அட்டைத் தொல்லை இல்லை, ஓடைகளை நனையாமல் தாண்டலாம். சிக்கல் எல்லாம் இரண்டாம் பாதியில்தான். காலையில் குளிர்ந்து கிடந்த அதே பாறை பிற்பகலில் சூடேறிய தோசைக்கல்லாக இருக்கும். பையில் தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருக்கும். வழியில் உண்டு என்று நம்பி வந்த சுனை, காய்ந்து வெடித்த சேறாகக் கிடக்கும். அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிற்பகல் இரண்டு மணிக்கு நாம் எங்கே இருப்போம், அந்த இடத்தில் நிழல் உண்டா?

பாறைக்கூட்டம் எந்த ஊரில் இருந்தாலும் அதற்குள் நடக்கப் பெரும்பாலும் மூன்று வகை வழிகள்தான். மொட்டைப்பாறையின் முதுகில் ஏறி முகட்டோடு போவது ஒன்று. நீர் அறுத்த ஓடைத்தடத்தில், பாறை இடுக்குகளின் வழியே போவது இன்னொன்று. உச்சிக்கு ஏறாமல் பாறைச்சுவரின் அடியை ஒட்டிச் சுற்றிவருவது மூன்றாவது. படங்களில் அழகாகத் தெரிவது முகடு. குளிர்ச்சியானது ஓடை என்று எல்லோரும் சொல்வார்கள். அடிவாரச் சுற்றைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வறட்சிக் காலத்தில் இந்த வரிசையைக் கிட்டத்தட்டத் தலைகீழாகத் திருப்பிப்போட வேண்டும்.

முகடு

காய்ந்த பாறையில் காலணியின் ரப்பர் அடிப்பாகம் நன்றாகவே பிடிக்கும். 25 டிகிரி வரை சரிவு இருந்தால் பெரும்பாலானோர் கை ஊன்றாமல் நடந்துவிடுவார்கள். 35 டிகிரியை நெருங்கினால் கை தேவைப்படும். அதைத் தாண்டினால் அது நடை அல்ல, பாறையேற்றம். கண்ணால் பார்த்துச் சரிவை மதிப்பிடுவது நம்பத்தக்கதல்ல. கீழே நின்று பார்த்தால் சாதுவாகத் தெரியும், மேலே நின்று எட்டிப் பார்த்தால் செங்குத்தாகத் தெரியும். அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. நடைக்கம்பை ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுத்துப் பூட்டுங்கள். நுனியை மேல்பக்கப் பாறையில் தொடவைத்து, கம்பைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். கைப்பிடி முனைக்கும் அதற்கு நேர் கீழே உள்ள பாறைக்கும் இடைவெளி 47 செ.மீ. என்றால் சரிவு 25 டிகிரி. 58 செ.மீ. என்றால் 30. 70 செ.மீ. என்றால் 35. பையும் களைப்புமாக இறங்கவேண்டிய இடத்துக்கு 30-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

சரிவை விடவும் அதிகம் பேரை விழவைப்பது சரளைப்பொடி. கருங்கல் பாறையின் மேல்தோல் வெயிலிலும் பனியிலும் உதிர்ந்து, கல்லுப்பு அளவுள்ள மணிகளாகப் பாறைமேல் தங்கும். மழைக்காலத்தில் அது கழுவிக்கொண்டு போய்விடும். வறட்சியில் வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் கால் வைத்தால் ரப்பருக்கும் பாறைக்கும் நடுவே ஆயிரம் சின்ன உருளைகள் நிற்பதுபோல. பாறையின் குழிவுகளிலும் சரிவு தணியும் இடங்களிலும் இந்தப் பொடி குவிந்திருக்கும், மேடான பகுதிகள் சுத்தமாக இருக்கும். ஆகவே குழிவில் இறங்காமல் மேட்டோடு நடக்க வேண்டும். மண்பாதையிலிருந்து பாறைக்கு ஏறும்போது ஒவ்வொரு முறையும் அடிப்பாகத்தைக் கால்சட்டையின் மறுகாலில் தேய்த்துத் துடைத்துக்கொள்வது இரண்டு விநாடி வேலைதான், பலன் பெரிது.

ஏறிவிட்ட பாறையில் இறங்க முடியாமல் மாட்டிக்கொள்வது முகட்டு வழியின் பழைய நோய். ஏறும்போது முகத்துக்கு நேரே பிடி தெரியும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் உடம்பின் மறைவில் போய்விடும். சந்தேகமான சரிவில் மூன்று மீட்டர் ஏறியதும் நின்று, திரும்பி, அந்த மூன்று மீட்டரை இறங்கிப் பாருங்கள். இறங்க முடிந்தால் மேலே போகலாம்.

இனி வெப்பம். காற்று 38 டிகிரியாக இருக்கும் நாளில் வெயிலில் கிடக்கும் கரும்பாறையின் மேற்பரப்பு 55, 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். புறங்கையைப் பாறையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அந்தப் பாறையில் கை ஊன்றியோ உட்கார்ந்து வழுக்கியோ இறங்குவது நடக்காத காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கை ஊன்றி ஏறிய இடத்தில் பிற்பகலில் கை ஊன்ற முடியாமல் போவதுதான் ஆபத்து. வறட்சி நாளில் முகட்டுக்கு ஒரே நிபந்தனை: காலை பத்து மணிக்கு மொட்டைப்பாறையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். அதற்கு ஏற்றம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மலையை ஈரம் வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

வெங்காயத்தோல்போல் அடுக்கடுக்காக உரியும் கருங்கல்லில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாறையை ஒட்டி நிற்கும் பலகைக்கல் பகலில் சூடேறி விரிந்து, இரவில் சுருங்கும். அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் அப்படியொரு பலகைக்கல்லில் கருவிகள் பொருத்தி அளந்தபோது, அது தினமும் மில்லிமீட்டர் கணக்கில் திறந்து மூடுவது தெரிந்தது. அந்த ஆய்வு 2016-இல் வெளியானது. சூடான பிற்பகலில், மழையோ நிலநடுக்கமோ இல்லாமலே பலகைகள் கழன்று விழுவதற்கு இது ஒரு காரணம். பிடிக்கப்போகும் பலகையை முதலில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். திடமான கல்லில் ஓசை அடங்கிப்போகும், கழன்ற கல் பறைபோல் வெற்றொலி கொடுக்கும். வெற்றொலி வந்தால் அதை இழுக்கவும் கூடாது, அதன்மேல் நிற்கவும் கூடாது.

ஓடைத்தடம்

ஓடை குளிர்ச்சியாக இருக்கும் என்பது பாதி உண்மை. குறுகிய இடுக்கு குளிர்ச்சி, அகன்ற பள்ளத்தாக்கு அடுப்பு. இதற்கு ஒரு எளிய அளவு உண்டு: இடுக்கின் அகலமும் ஆழமும் சமம் என்றால், சூரியன் பக்கவாட்டிலிருந்து 45 டிகிரி உயரத்தைத் தாண்டும்போது தரையில் வெயில் விழத் தொடங்கும். ஆழம் அகலத்தைப்போல இரண்டு மடங்கு என்றால் 63 டிகிரி வரை நிழல் நிற்கும். அகலம் ஆழத்தைவிடப் பெரிதாக இருந்தால் காலை ஒன்பது மணிக்கே வெயில் உள்ளே வந்துவிடும், காற்றும் ஓடாது, இரு சுவர்களும் வெப்பத்தைத் திருப்பி எறியும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் கோடைப் பகலில் அடிப்பகுதி விளிம்பைவிடச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடாக இருக்கும். அங்கே கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்தாக்குக்குள் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் சொல்வது இதனால்தான். அங்கே இறங்கிய நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் ஏற வேண்டியிருக்கும் என்பதும் பொதுவான கணக்கு. மேலிருந்து ஓடைக்குள் இறங்கித் தொடங்கும் எந்த நடையிலும் இந்தப் பொறி இருக்கிறது: சுலபமான பாதி முதலில், கடினமான பாதி வெயிலில்.

கீழிருந்து ஓடையோடு மேலே போய் அதே வழியில் திரும்புவது நல்லது. ஆனால் அதிலும் ஒரு விலை உண்டு. ஓடைத்தடத்தில் நடுநடுவே, இரு சுவருக்கிடையே பெரும் பாறை சிக்கி நின்று படிபோல் வழியை மறிக்கும். மழைக்காலத்தில் அந்தப் படியின் அடியில் குளம் இருக்கும், மணல் உயர்ந்திருக்கும். வறட்சியில் தண்ணீர் வற்றிப்போய், முன்பு இடுப்பளவாக இருந்த படி ஆள் உயரமாகிவிடும். பழைய வழிக்குறிப்பில் எளிதான படி என்று இருந்தாலும் நம்ப வேண்டாம். தோள் உயரத்துக்கு மேற்பட்ட முதல் படியிலேயே திரும்புவது என்று கிளம்புமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்றபிறகு பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

காய்ந்த குளத்தின் மேல்பரப்பு ஏடு ஏடாக வெடித்திருக்கும், பார்க்கக் கெட்டியாக இருக்கும். கீழே அரையடி ஆழத்தில் சேறு உயிரோடு இருக்கலாம். கம்பால் குத்திப் பார்த்துவிட்டுக் கால் வைக்க வேண்டும். கம்பு சுலபமாக ஒரு சாண் இறங்கினால் ஓரத்துப் பாறையைப் பிடித்துச் சுற்றிப்போவதே சரி.

மிச்சமிருக்கும் தண்ணீரைக் குடிநீர்க் கணக்கில் சேர்க்கவே கூடாது. தேங்கி வற்றும் நீரில் அழுக்கும் கிருமியும் செறிவாகிக்கொண்டே வரும். பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் மேலே படலம் இருந்தால் அது நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, நடையில் கொண்டுபோகும் சாதாரண வடிகட்டியிலும் நிற்காது. சேற்று நீர் வடிகட்டியைச் சில நிமிடத்தில் அடைத்துவிடும் என்பது தனி. இன்னொரு நியாயமும் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அந்த ஒரு குட்டைதான் மிச்சம் என்றால் அது விலங்குகளுக்குரியது. விடியலிலும் அந்தியிலும் அவை அங்கே வரும். குட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து இளைப்பாறினால் அவை தாகத்தோடு காட்டுக்குள் காத்து நிற்கும். அறுபது எழுபது மீட்டர் தள்ளி உட்காருங்கள், சோப்பு எதுவும் அந்த நீரில் படக்கூடாது.

வறட்சியில் வெள்ளப் பயம் எதற்கு என்று தோன்றும். வறட்சி முடியும் நாள்தான் ஓடையில் மிக ஆபத்தான நாள். காய்ந்து இறுகிய மண் முதல் மழையைக் குடிக்காது, வழித்துவிடும். மொட்டைப்பாறையும் குடிக்காது. பெய்ததெல்லாம் ஒரே ஓட்டமாக ஓடைக்கு வந்து சேரும். அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேர் இப்படித்தான் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி, மேல்நீர்ப்பிடிப்பில். எனவே நாம் நடக்கும் இடத்தின் வானிலையை மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஓடைக்கு நீர் வரும் பரப்பு முழுவதற்கும் பார்க்க வேண்டும். சுவரில் தலைக்கு மேலே சிக்கியிருக்கும் சுள்ளியும் சருகும் பழைய வெள்ளத்தின் உயரத்தைச் சொல்லும். அவற்றைப் பார்த்துக்கொண்டே போங்கள், அவற்றுக்கு மேலே ஏறக்கூடிய இடம் எங்கெங்கே என்பதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு மேல் அப்படி ஒரு இடமும் இல்லாத இடுக்கு என்றால், இடிமழைக்கு வாய்ப்பு என்ற அறிவிப்பு இருக்கும் நாளில் அதற்குள் நுழைவதே தவறு.

காட்டுத்தீ விஷயத்தில் ஓடையும் முகடும் இடம் மாறிவிடும். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் கணக்கு. குறுகிய ஓடைப்பள்ளம் புகைபோக்கி மாதிரி வெப்பத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். காய்ந்த புதர் நிறைந்த ஓடைக்குள் இருக்கும்போது கீழிருந்து புகை வாசனை வந்தால் ஓடையோடு மேலே ஓடுவது மிக மோசமான தேர்வு. பக்கவாட்டில் வெளியேறி, எரிய ஒன்றுமில்லாத அகன்ற மொட்டைப்பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த கருநிலத்துக்கோ போக வேண்டும். மொட்டைப்பாறை வெயிலில் கொடுமை என்றாலும் தீயில் அதுவே அடைக்கலம். தீ அபாய நாட்களில் வனத்துறையோ பூங்காவோ பாதைகளை மூடியிருக்கும். முதல் நாள் மாலையும் கிளம்பும் காலையும் இருமுறை விசாரிக்க வேண்டும்.

அடிவாரச் சுற்று

பாறைச்சுவரின் அடியை ஒட்டிய வழிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: நிழலை நாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம். பாறைத்தொடர் வடக்கு தெற்காக நீண்டிருந்தால், காலையில் மேற்கு அடிவாரத்தில் நிழல், பிற்பகலில் கிழக்கு அடிவாரத்தில் நிழல். விடியலில் மேற்குப் பக்கமாகத் தொடங்கி, உச்சிவெயில் நேரத்தில் முனையைச் சுற்றி, கிழக்குப் பக்கமாகத் திரும்பினால் நாள் முழுவதும் சூரியனுக்கு மறுபக்கத்திலேயே நடக்கலாம். இதே சுற்றை எதிர்த்திசையில் போனவர் நாள் முழுவதும் வெயிலிலேயே நடந்திருப்பார். தூரமும் ஏற்றமும் ஒன்றுதான், தண்ணீர்ச் செலவு ஒன்றல்ல.

நிழல் எவ்வளவு தூரம் வரும் என்பதைக் கணக்கிடலாம். சூரியன் சுவருக்கு நேர் பின்னே இருப்பதாகக் கொண்டால், அது 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது நிழலின் நீளம் சுவரின் உயரத்துக்குச் சமம். 60 டிகிரியில் உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு, அதாவது 0.58. 75 டிகிரியில் கால் பங்கைவிடச் சற்று அதிகம். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில், இரவும் பகலும் சமமாக இருக்கும் காலத்தில் சூரியன் மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி ஏறும்: காலை ஆறுக்கு உதயம் என்றால் ஒன்பதுக்கு 45, பத்துக்கு 60, பதினொன்றுக்கு 75. ஆக 60 மீட்டர் சுவருக்கு ஒன்பது மணிக்கு 60 மீட்டர் நிழல், பத்துக்கு 35, பதினொன்றுக்கு 16 மீட்டர். பாதை சுவரிலிருந்து 30 மீட்டர் தள்ளிப் போகிறது என்றால் பத்து மணிக்குப் பிறகு அங்கே நிழல் இருக்காது. நிலப்படத்தில் பாதைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்தால் இதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

தொடர் கிழக்கு மேற்காகக் கிடந்தால் இந்த வித்தை பலிக்காது. வெப்பமண்டலத்துக்கு வடக்கே உள்ள நிலங்களில் வடக்கு அடிவாரமே நாள் முழுவதும் சற்றுக் குளிர்ச்சி, தெற்கே உள்ள நிலங்களில் தெற்கு அடிவாரம். சுற்றை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தில் மட்டும் போய்த் திரும்புவதே நல்லது.

ஒரு நுணுக்கம். பிற்பகலில் கிழக்குச்சுவர் நிழலில் இருந்தாலும் காலை முழுவதும் வெயில் குடித்த சுவர் அது. ஒன்றிரண்டு மணி நேரம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். நிழல் விழுந்தவுடன் சுவரோடு சாய்ந்து உட்காராமல் நாலைந்து மீட்டர் தள்ளி, மண்ணோ மரமோ உள்ள இடத்தில் உட்காருங்கள். உச்சிவெயிலில் முனையைச் சுற்றும் இடத்தில் முக்கால் மணி நேரமாவது மரநிழலில் நிறுத்திவிட்டு, பிறகு கிழக்குப் பக்கம் இறங்குவது உடம்புக்கு நல்லது.

அடிவாரத்தின் குறைகள் இரண்டு. முதலாவது, மேலிருந்து கல் விழும். தரையில் கிடக்கும் கற்களின் முறிவு வெளிறிப் புதிதாக, கூர்மை மழுங்காமல் இருக்கிறதா, மேலே சுவரில் அதே நிறத்தில் தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தை நிற்காமல் கடந்துவிட வேண்டும். சாப்பிட உட்காரும் இடம் அதுவாக இருக்கவே கூடாது. இரண்டாவது, குண்டுப்பாறைக் குவியல். உருண்டு விழுந்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நூறு மீட்டரைக் கடக்க ஐந்து நிமிடம் ஆகலாம். அங்கே நடைக்கம்பை மடித்துப் பையில் செருகிவிடுங்கள், இடுக்கில் மாட்டினால் கம்பும் உடையும், மணிக்கட்டும் போகும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கைவைக்க வேண்டாம். பகல் வெப்பத்துக்குப் பாம்புகள் ஒதுங்குவது அந்த நிழலில்தான். சுவரில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் சத்தமும் புகையும் வாசனைத் தைலமும் இல்லாமல் நல்ல தூரத்தில் சுற்றிப்போக வேண்டும். கலைந்துவிட்டால் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓடுவதே வழி. நின்று கைவீசினால் இன்னும் வரும்.

கல்லின் வகை

கருங்கல்லைப் பற்றி மேலே சொன்னது போதும். மணற்கல்லுக்கு வறட்சி மிக நல்ல காலம். ஈரம்பட்டால் வலுவிழக்கும் கல் அது, மழைக்குப்பின் ஓரிரு நாளாவது காய விட்டுத்தான் பிடிகளை நம்பலாம். ஆனால் அதன்மேல் நடப்பதே தேய்மானம், மெல்லிய விளிம்புகளிலும் வளைவுகளிலும் ஏறாதீர்கள். அருகே கருத்துப் புடைத்த மண்தோல் தெரிந்தால் அது உயிருள்ள படலம். வறண்டிருக்கும்போது ஒரு மிதியில் நொறுங்கிவிடும், திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் நீர் உள்ளே இறங்கிவிடுவதால் வறட்சியில் மேற்பரப்பில் சொட்டு நீர் கிடைக்காது, பலர் நடந்த தடத்தில் கல் கண்ணாடிபோல் மெருகேறியும் இருக்கும். எரிமலைக் கருங்கல் தூண்கள் நிறத்தால் மிக அதிகச் சூடேறும். அங்கே முகட்டு வழியை யோசிக்கவே வேண்டாம்.

நேரமும் தண்ணீரும்

1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் தொடக்கத்துக்கு உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 10 கி.மீ. அடிவாரச் சுற்று, மொத்த ஏற்றம் 300 மீட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். ஆனால் அதில் 3 கி.மீ. குண்டுப்பாறை என்று வையுங்கள். அங்கே வேகம் மணிக்கு ஒன்றரை கி.மீ.தான். நெய்ஸ்மித் கணக்கில் 36 நிமிடமாக இருந்தது இரண்டு மணி நேரமாகும். மொத்தம் ஏறக்குறைய நான்கு மணி நேர நடை. மணிக்குப் பத்து நிமிட ஓய்வும், உச்சிவெயில் ஓய்வும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம்.

குளிர்ந்த இரண்டு மணி நேரத்துக்கு அரை லிட்டர் வீதம் 1 லிட்டர். சூடான இரண்டு மணி நேரத்துக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வீதம் 2 லிட்டர். ஓய்வில் அரை லிட்டர். தொடாத கையிருப்பு 1 லிட்டர். ஆகமொத்தம் ஓர் ஆளுக்கு நாலரை லிட்டர், நாலரை கிலோ எடை. இதைத் தூக்க முடியாது என்று தோன்றினால் தண்ணீரைக் குறைக்காமல் தூரத்தைக் குறைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பு என்பது பொது விதி. போய்த் திரும்பும் வழியில், கையிருப்பைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியில் நாற்பது சதவீதம் தீர்ந்த இடத்தில் திரும்புவது நடைமுறையில் சரியாக வரும். திரும்பும் பாதிதான் சூடு என்பதால் அறுபது அதற்குத் தேவை. நாலரை லிட்டர்காரருக்கு அந்த அளவு 1.4 லிட்டர்.

இந்தக் கணக்கு வைக்கக் குழாய்ப்பை உதவாது. உறிஞ்சிக் குடிக்க வசதிதான், ஆனால் முதுகில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, பாறையில் உரசிக் கிழிந்தால் மொத்தமும் போகும். ஒரு லிட்டர் பாட்டில்களாக எடுத்துப்போனால் எண்ணியே தெரிந்துகொள்ளலாம், ஒன்று உடைந்தாலும் மற்றவை இருக்கும். இரண்டும் வேண்டும் என்பவர்கள் ஒன்றரை லிட்டர் குழாய்ப்பையும் மூன்று பாட்டில்களும் கொண்டுபோகலாம். குடித்தபின் குழாயில் ஊதி நீரைப் பைக்குள் திருப்பி அனுப்பிவிட்டால் அடுத்த வாய் வெந்நீராக வராது.

மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிப்பதும் கெடுதல். சிறுநீரகம் வெளியேற்றும் வேகத்தைத் தாண்டினால் இரத்தத்தில் உப்புச் செறிவு விழும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் வரும், சிறுநீர் தண்ணீராகப் போய்க்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவருக்கு மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, உப்புள்ள தின்பண்டமும் ஓய்வும் கொடுக்க வேண்டும். ஒரு பாட்டிலில் உப்புச்சர்க்கரைக் கரைசல் இருக்கட்டும். கடையில் கிடைக்கும் பொட்டலம் இல்லாவிட்டால் 1 லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. யாராவது உளறினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் நனைத்து விசிறுவதை அந்த இடத்திலேயே தொடங்க வேண்டும். கையிருப்பு லிட்டர் அதற்கும் சேர்த்துத்தான்.

விடியலா, மாலையா?

மாலை நடையில் ஒரு கவர்ச்சி உண்டு, வெயில் தாழ்ந்துகொண்டே போகும். ஆனால் பிற்பகல் மூன்று நான்கு மணிக்குப் பாறை உச்ச சூட்டில் இருக்கும், சூரியன் மறைந்தபின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் அனல் அடிக்கும். கால் சுளுக்கினால் மீட்பு இருட்டில்தான். இடிமேகம் கட்டுவதும் பெரும்பாலும் பிற்பகலில். விடியலில் தொடங்கினால் தவறு நடந்தாலும் கையில் பகல் இருக்கும். ஒரு எச்சரிக்கை: பாறையில் கருங்கோடுகளாக வழிந்திருக்கும் பாசித்தடம் காய்ந்திருக்கும்போது தொல்லை தராது, விடியல் பனி பட்டதும் சோப்பாகிவிடும். உதயத்துக்குப் பின் அரை மணி நேரம் வரை அந்தக் கோடுகளை மிதிக்காமல் தாண்டுங்கள்.

காலணியும் வழியைப் பொறுத்ததே. முகட்டுக்கு மிருதுவான ரப்பரும், முன்பாதத்தில் தட்டையான பரப்பும் உள்ள ஷூ. தடித்த பற்கள் உள்ள கனமான பூட்ஸ் மொட்டைப்பாறையைக் கொஞ்சமாகவே தொடும், அதனால் கொஞ்சமாகவே பிடிக்கும். ஓடைக்கும் அடிவாரத்துக்கும் விரலைக் காக்கும் முன்கவசம் முக்கியம். அலமாரியில் பல ஆண்டு கிடந்த பூட்ஸின் நடு அடுக்கு உள்ளுக்குள் மக்கி, நடையின் நடுவில் அடிப்பாகம் முழுதாகக் கழன்று வரும். முந்தின வாரமே அதைப் போட்டு ஒரு மணி நேரம் படி ஏறி இறங்கிப் பார்த்துவிடுங்கள், இரண்டு மீட்டர் துணிப்பசை நாடாவைப் பாட்டிலில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

குழந்தைகளோ வெயிலுக்குப் பழகாதவர்களோ இருந்தால் அடிவாரம்தான், அதுவும் நிழல்பக்கம் மட்டும். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், உடற்பயிற்சி செய்பவர் என்பது அதற்கு ஈடாகாது. பாறை நடையில் அனுபவமுள்ள சின்னக் குழு, ஏற்றம் ஒன்றரை மணிக்குள், பத்துக்குள் இறங்கிவிட உறுதி என்றால் முகடு. வானம் முழு நீர்ப்பிடிப்பிலும் தெளிவாக இருந்து, இடுக்கு அகலத்தைவிட இரு மடங்கு ஆழமாகவும் காய்ந்த புதர் இல்லாமலும் இருந்தால் ஓடை. இந்த மூன்றில் ஒரு நிபந்தனை குறைந்தாலும் ஓடையை விட்டுவிடலாம்.

முகட்டையும் அடிவாரத்தையும் சேர்த்து ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் முகட்டை முதலில் வைக்க வேண்டும், அடிவாரத்தில் பாதியோடு நிறுத்த வேண்டும். கிளம்புமுன் வீட்டில் இருப்பவரிடம் வழியையும், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் உதவி தேட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஓடை இடுக்கில் போன் சிக்னலும் கிடைக்காது, சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளால் ஜி.பி.எஸ். புள்ளியும் பத்து இருபது மீட்டர் தள்ளிக் காட்டும். வெயிலில் வைத்த போன் சூடாகித் தானே அணைந்தும் போகும். அதைப் பையின் நடுவில், தண்ணீர் பாட்டிலை ஒட்டி வையுங்கள்.